மேல்கை இரத்த அழுத்தக் கருவி: பாம்பன் வீட்டில் ஓராண்டு

என் தாயாருக்கு 61 வயது. பாம்பனில் நெடுங்காலம் கருவாட்டுத் தொழிலில் உழைத்தவர்; நான்கு ஆண்டுகளாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுத்து வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரைகள் வாசலுக்கே வந்துவிடுவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பேருதவி. ஆனால் ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையே அழுத்தம் எப்படி இருக்கிறது என்று அறிய வழியில்லாததால், சென்ற ஆண்டு இராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் மேல்கையில் கட்டும் மின்னணுக் கருவி ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கினோம். மணிக்கட்டில் கட்டும் வகையைத் தவிர்த்தோம். அதில் கை இதய மட்டத்திலிருந்து சற்று ஏறினாலும் இறங்கினாலும் அளவு மாறிவிடும்.

முதல் பத்து நாள்கள் அந்தக் கருவி வீட்டையே கலங்கடித்தது. காலையில் 158, மாலையில் 162 என்று காட்டக் காட்ட, அம்மா கருவாட்டுக் குழம்பை அடியோடு நிறுத்தினார். இரவுத் தூக்கமும் போயிற்று. கருவியை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றோம். அங்கிருந்த செவிலியர் திரையைப் பார்க்கும் முன்பே கைப்பட்டையைப் புரட்டிப் பார்த்தார். அதன் உட்புறத்தில் 22–32 செ.மீ. என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. தையல் நாடாவை அம்மாவின் மேல்கை நடுவே சுற்றி அளந்தார், 35 செ.மீ. இருந்தது. "கைக்குப் பட்டை பத்தலம்மா. சின்னப் பட்டையில பிரஷர் கூடத்தான் காட்டும், பயந்துறாதீங்க" என்றார். தங்களிடமிருந்த பெரிய பட்டையைக் கட்டிப் பார்த்தபோது 138/86 வந்தது.

பட்டை சிறியதானால் அதன் அழுத்தம் தசையைக் கடந்து இரத்தக் குழாயை முழுமையாக எட்டுவதில்லை. குழாயை அடைக்கக் கூடுதல் காற்று தேவைப்படுவதால், கருவி அந்தக் கூடுதலையும் சேர்த்தே காட்டுகிறது. ஆக, குறை கருவியில் இல்லை. கையளவை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றதுதான் குறை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதே கருவிக்கான பெரிய பட்டை தனியாக 600 ரூபாய்; வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று.

அதன் பின்னர் கருவி நம்பிக்கையாக வேலை செய்கிறது. அம்மா முன்பு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, பேசிக்கொண்டே அளப்பார். இப்போது நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்த பிறகே பொத்தானை அழுத்துகிறோம்; அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, தேநீர் கிடையாது. காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறோம். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லைக்கோடு என்றால், வீட்டில் அளக்கும்போது அது 135/85. 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். எண்ணைப் பார்த்து நாமாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

திரையில் எண்கள் பெரிதாகத் தெரிவதால் அம்மாவே கண்ணாடியில்லாமல் படிக்கிறார். உப்புக் காற்றுதான் எதிரி: நான்காம் மாதமே பேட்டரி முனைகளில் பச்சை படிந்துவிட்டது. உலர்ந்த துணியால் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சென்ற மாதம் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், பெரும்பாலும் 128-க்கும் 134-க்கும் இடையே இருப்பதைக் கண்டு, அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். முதலில் வந்த சிறிய பட்டையும் வீணாகவில்லை. அப்பாவின் மேல்கை 27 செ.மீ., அவருக்கு அது சரியாகப் பொருந்துகிறது.