எம்240 இருக்கையில் எம்11 தேவையா? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

மகா சிவராத்திரிக்குப் பின் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில், வாசல்தோறும் நிறைகுடம் வைத்துக் காத்திருக்கும் திருகோணமலை வீதிகளில் இம்முறை மூன்று கமராக்களுடன் நடந்தேன். ஒன்று, ஏழு ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் லைக்கா எம் டைப் 240, சுருக்கமாக எம்240. மற்றொன்று, கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த பெரியம்மாவின் மகன் ஒரு மாதத்துக்கு என்னிடம் தந்த லைக்கா எம்11. மூன்றாவது, திருமண வீடுகளில் என்னோடு வேலை செய்யும் தம்பியின் ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100விஐ. "உன்ட கமராவை வித்துப்போட்டு இதை எடு, மிச்சக் காசைப் பிறகு பாப்பம்" என்று அண்ணன் சொன்னார். மாத முடிவில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். ரேஞ்ச்ஃபைண்டர் கமராவில், அதாவது இரண்டு பிம்பங்களைக் கையால் ஒன்றுசேர்த்து ஃபோகஸ் பிடிக்கும் இந்த எம் வகைக் கமராவில், நாம் காசு கொடுத்து வாங்குவது அதன் பார்வைச் சாளரத்தை. அது பழைய கமராவிலும் புதிய கமராவிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் என் முடிவின் அடிப்படை.

அந்தச் சாளரம் செய்யும் வேலையைத் திருக்கடலூர்க் கரையில் விடியற்காலைக் கரைவலை இழுப்பில் பார்த்தால் விளங்கும். கண்ணாடிக்குள் தெரிவது லென்ஸ் காட்டும் படமன்று. வெறுங்கண்ணுக்குத் தெரியும் அதே கரைதான். அதன் மேல் வெண்கோடுகளாலான ஒரு சட்டம் மிதக்கிறது. சட்டத்துக்கு வெளியிலும் காட்சி தொடர்வதால், வலப்பக்கத்திலிருந்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஆள் சட்டத்துக்குள் நுழைவதற்கு இரண்டு அடி முன்னரே கண்ணில் படுகிறார். நடுவில் ஒரு சிறிய ஒளிச்சதுரம் உண்டு. லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்புறத்திலுள்ள வளையம் கமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையைத் தள்ள, சதுரத்துக்குள் தெரியும் இரண்டாவது பிம்பம் நகர்ந்து முதலாவதோடு சேரும். இரண்டும் ஒன்றானால் ஃபோகஸ் சரி. ஆனால் இது செங்குத்துக் கோடுகளைத்தான் விரும்பும். கிடையாக இழுபட்டு நிற்கும் வலைக்கயிற்றின் மேல் சதுரத்தை வைத்தால் இரண்டு பிம்பங்களும் கயிற்றின் நீளத்திலேயே வழுக்கிப் போகும், எது எதோடு சேர்ந்தது என்று தெரியாது. சாரத்தின் விளிம்பையோ முழங்காலையோ பிடிக்க வேண்டும். இல்லையேல் கமராவை நெடுக்காகத் திருப்ப வேண்டும். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, மடி வருது" என்று, வலையின் மீன் நிறைந்த பை கரையேறும் நேரத்தில், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் குரல் கொடுப்பதற்குள் இதைச் செய்து முடிக்கப் பழகியவருக்கு இந்தக் கமரா கையின் நீட்சிபோல ஆகிவிடும். பழக விருப்பமில்லாதவருக்கு இதன் எந்த மாதிரியும் பொருந்தாது. அவர் இந்த அளவு பணத்தை இதில் போடக்கூடாது.

இனி நேருக்கு நேர். 2012இல் அறிவிக்கப்பட்ட எம்240 கமராவில் 24 மெகாபிக்சல் சென்சர், காட்சியை 0.68 மடங்கு அளவில் காட்டும் சாளரம். 2022 ஜனவரியில் வந்த எம்11 கமராவில் 60 மெகாபிக்சல், 0.73 மடங்கு. சாளரத்தின் முன்னேற்றம் உண்மையானது. கண்ணாடி அணிபவருக்குப் பெரிதும் உதவும். ஆனால் அது எம்11 கொண்டுவந்த முன்னேற்றமன்று, 2017இல் வந்த எம்10 கமராவிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே எம்11 தனியாகத் தருவது பெரும்பாலும் சென்சரும் மின்னணு வசதிகளுமே. அங்குதான் எனக்குச் சிக்கல் தொடங்கியது.

50 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை எஃப்1.4 இல் முழுவதும் திறந்து, ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவரின் முகத்தை எடுத்தால், பிலிம் காலத்து அளவுகோலின்படி கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 3 செ.மீ. அந்த அளவுகோல் சாதாரண அளவில் அச்சிட்டுப் பார்க்கும் கண்ணை மனத்தில் வைத்து அமைந்தது. எம்240 இன் ஒரு பிக்சல் 6 மைக்ரோன் அகலம். எம்11 இல் அது 3.76 மைக்ரோன். பிக்சல் சிறுத்த அளவுக்குப் பிழையும் பெரிதாகத் தெரியும். உருளையும் கண்ணாடியும் நெம்புகோலும் சேர்ந்த பொறிமுறை மட்டும் 1954இல் எம்3 வந்த காலத்து அடிப்படையிலேயே இருக்கிறது. கோயில் வீதியில் நாதஸ்வரக் கலைஞர் ஒருவரை இரண்டு கமராக்களாலும் ஒரே லென்ஸில் அடுத்தடுத்து எடுத்தேன். எம்240 படத்தில் கண் கூர்மையாக இருப்பதாகத் தோன்றியது. எம்11 படத்தைக் கணினியில் முழு அளவுக்கு விரித்தபோது கூர்மை கண்ணில் இல்லை, புருவத்தின் முன்நுனியில் இருந்தது. இரண்டிலும் நான் செய்த பிழை ஒன்றுதான். ஒன்றில் அது மறைந்திருந்தது, மற்றதில் வெளிப்பட்டது. கையின் நடுக்கமும் அப்படியே. எந்த எம் கமராவிலும் சென்சரை அசைத்து நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி கிடையாது, 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 நொடி போதும் என்ற பழைய கணக்கு எம்240 இல் ஓரளவு செல்லும், எம்11 இல் 1/200க்குக் குறைந்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தூரத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு எடுக்கும் முறைக்கும் இது பொருந்தும். 35 மி.மீ. லென்ஸை எஃப்8 இல் மூன்று மீட்டருக்கு வைத்தால், அதே பழைய கணக்கின்படி 1.9 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர் வரை கூர்மை. மீன் சந்தைக்குள் ஃபோகஸைத் தொடாமலே நடக்கலாம். எம்11 இன் முழு அளவுப் படத்தில் அந்த எல்லைகளின் ஓரங்கள் நெகிழ்ந்திருப்பது தெரிகிறது. 36 அல்லது 18 மெகாபிக்சலில் பதியும் தெரிவும் அதில் உண்டு, நானும் பெரும்பாலான நாட்கள் 18 இல் வைத்தே எடுத்தேன். அப்படியிருக்க, 60க்கான விலையை ஏன் கொடுக்க வேண்டும்?

எம்11 இன் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. இரவு ஊர்வலத்தில் அது எம்240ஐ முழுமையாக வென்றது. என் கமராவின் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன், 6400 இல் முடிகிறது. அந்த எல்லையில் நிழற்பகுதிகளில் கிடைக்கோடுகள் எழும். எம்11 இல் 6400 சாதாரண வேலை. தீவட்டி வெளிச்சம் மட்டும் விழுந்த முகங்களிலும் தோலின் நிறம் தோலின் நிறமாகவே இருந்தது. கறுப்பு எம்11 அலுமினியத்தால் ஆனதால் 530 கிராம்தான். என் கமரா 680 கிராம். நான்கு மணி நேரம் கழுத்தில் தொங்கும்போது இந்த 150 கிராம் சிறிய எண்ணன்று. அடித்தகட்டைக் கழற்றாமல் மின்கலத்தை மாற்றலாம், யூஎஸ்பி-சி வழியாக மின்னேற்றலாம், கமராவுக்குள்ளேயே 64 ஜிபி நினைவகம் இருப்பதால் அட்டை கெட்டாலும் படம் தப்பும். இரவு நிகழ்ச்சிகளைத் தொழிலாக எடுப்பவர் இதே கமராவை என்னைவிட நியாயமாக வாங்கலாம்.

இடையில் நிற்கும் எம்10, என் கணக்கில், இப்போது வாங்க ஏற்ற லைக்கா. எம்240ஐவிட ஏறத்தாழ 4 மி.மீ. மெல்லியது, சாளரம் அகன்றது, மேல்தட்டிலேயே ஐஎஸ்ஓ சக்கரம் உண்டு, 24 மெகாபிக்சல் பொறிமுறையின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். குறை அதன் மின்கலம்: எம்240 இல் 1800 எம்ஏஎச், இதில் 1100. முழுநாள் வேலைக்கு இரண்டு கலங்கள் கூடுதலாக வேண்டும். பழைய கமராக்களில் எம்9 இன் நிறங்களைப் பலர் புகழ்வார்கள். நானும் அதை விரும்புகிறேன். ஆனால் அதன் சிசிடி சென்சரின் மேற்கண்ணாடி அரிப்புக்கு உள்ளாவது பலரும் அறிந்த குறை, மாற்றுச் சென்சரும் இப்போது கிடைப்பதில்லை. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அதை வாங்க வேண்டாம். எம்8 இல் கறுப்புத் துணி ஊதாவாக மாறாதிருக்க ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி வடிகண்ணாடி (ஃபில்டர்) தேவை, அது சேகரிப்பவருக்கானது.

எக்ஸ்100விஐ வேறு வகை. 2024இல் வந்த இக்கமராவில் 40 மெகாபிக்சல், நடுக்கத்தைச் சமன் செய்யும் சென்சர், 35 மி.மீ. பார்வைக்குச் சமமான மாற்ற முடியாத எஃப்2 லென்ஸ், 521 கிராம் எடை. ஒரு நெம்பைத் தட்டினால் ஒளியியல் சாளரமும் மின்திரையும் மாறி மாறி வரும். ஒளியியல் சாளரத்தில் சட்டத்துக்கு வெளியே பார்க்கும் அந்த இன்பம் இதிலும் கிடைக்கிறது. இரட்டைப் பிம்பம் மட்டும் இல்லை; ஃபோகஸைக் கமராவே பிடிக்கிறது. தாலி கட்டும் கணத்தில் மணமக்களைச் சுற்றிப் பத்துப் பேர் குனிந்து நிற்கையில், கைகளுக்கிடையில் தெரியும் மணமகளின் கண்ணை அது பிடித்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆயினும் படத்தை எடுத்த பிறகு, எந்தத் தூரத்தில் எது கூர்மை என்பதைத் தீர்மானித்தது நானல்ல என்ற உணர்வு ஒவ்வொரு முறையும் வந்தது. சிலருக்கு இது பொருட்டல்ல. எனக்கு அது பெரிய இழப்பு. லைக்காவின் கியூ3 இதே வழியில் போகும் விலையுயர்ந்த கமரா: 28 மி.மீ. எஃப்1.7 லென்ஸ், 60 மெகாபிக்சல், தன்னியக்க ஃபோகஸ், தூசுக்கும் நீர்த்துளிக்கும் ஐபி52 பாதுகாப்பு. அதன் லென்ஸ் அருமை. 743 கிராம் எடையைச் சுமக்கச் சம்மதிப்பவர் அதைப் பரிசீலிக்கலாம்.

2025 ஒக்டோபரில் லைக்காவே ரேஞ்ச்ஃபைண்டர் இல்லாத எம் இவி1ஐ வெளியிட்டது. பழைய லென்ஸ்களை மின்திரை வழியாகப் பார்த்துத் துல்லியமாக ஃபோகஸ் செய்யும் கமரா அது. 60 மெகாபிக்சலுக்கு இரட்டைப் பிம்பம் போதாது என்ற என் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. இருந்தும், சட்டத்துக்கு வெளியே தெரியும் உலகம் அதில் இல்லை. எனக்கு அதில் வேலையில்லை.

இவையெல்லாவற்றையும்விட இந்த ஊரில் எடைபோட வேண்டியது கடல். எம்11 உட்பட ரேஞ்ச்ஃபைண்டர் உள்ள எந்த எம் கமராவுக்கும் ஐபி தரச்சான்று கிடையாது. மழைக்கும் அலைத்தெறிப்புக்கும் அவற்றை நம்பிக் கொடுக்க முடியாது. எக்ஸ்100விஐ கமராவும் அதற்கான வளையத்தையும் 49 மி.மீ. வடிகண்ணாடியையும் பூட்டினால்தான் ஓரளவு தாங்கும். மாரிகாலத்தில் வாடைக்காற்றோடு ஈரம் ஏறும்போது லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது இங்கே எல்லோரும் அறிந்த துன்பம். ஈரமகற்றும் பெட்டி வாங்காமல் இலட்சக்கணக்கில் லென்ஸ் வாங்குவது தவறு.

எடைபோட வேண்டிய இன்னொன்று, பயணத்தில் கமராவுக்குக் கிடைக்கும் குலுக்கல். மூன்று ஆண்டுகளுக்கு முன் மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் வழியாக மோட்டார் சைக்கிளில் திரும்பிய ஒரு பயணத்தின் பின், என் எம்240 இன் இரு பிம்பங்களும் உயரத்தில் விலகி நின்றன; ஒன்றன் தலைக்கு மேல் மற்றொன்று. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் மூன்று மாதம் கிடந்து திரும்பி வந்தபோது, தூரத்துக்குச் சரி, அருகில் பிழை. கடைசியில் வெளிநாடு போன உறவினர் ஒருவரின் கைப்பையில் ஏறித்தான் அது குணமானது. அரை ஆண்டு கமரா இல்லாமல் இருந்தேன். புதியதை வாங்கினாலும் இந்த நிலை மாறாது. விலை கூடிய பொருள் அதே தூரத்துக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

பணக் கணக்கு சுருக்கமானது. எம்11 இன் அறிமுக விலை 8,995 டொலர். அது வந்த மாதத்தில் டொலர் சுமார் 200 ரூபாய், ஆகவே ஏறத்தாழ 18 இலட்சம். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாய் வரை போனது. டொலரை 300 என்று வைத்தால் 27 இலட்சம். இங்கே முறைப்படி இறக்கினால் 18 சதவீதப் பெறுமதிசேர் வரியும் பிற வரிகளும் அதன் மேல். கியூ3 இன் அறிமுக விலை 5,995 டொலர், அதே கணக்கில் 18 இலட்சம். எக்ஸ்100விஐ இன் அறிமுக விலை 1,599 டொலர், 4.8 இலட்சம். ஓர் எம்11 இன் இடத்தில் ஐந்து ஃபூஜிகள் நிற்கும். இந்த இடைவெளியைப் படத்தின் தரத்தால் யாராலும் நியாயப்படுத்த முடியாது. இரட்டைப் பிம்பச் சாளரத்தோடு வாழ்வதற்கான விலை என்று ஏற்றுக்கொள்பவரே கொடுக்கலாம். அவரும் பழைய எம்240 அல்லது எம்10ஐ வாங்கி, மிச்சத்தில் ஒரு நல்ல 35 மி.மீ. லென்ஸ் எடுப்பது மேல். லைக்கா லென்ஸ்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானின் கொசினா தயாரிக்கும் வொய்க்லாண்டர் லென்ஸ்கள் அதே உருளையைத் தள்ளி அதே சதுரத்தில் பிம்பத்தைச் சேர்க்கின்றன.

பழைய கமராவைக் கையில் எடுப்பவர் விலை பேசுமுன் இரண்டு சோதனை செய்ய வேண்டும். உள்துறைமுகக் கரையில் நின்று லென்ஸை முடிவிலிக்கு வைத்து, எதிர்க்கரையில் செங்குத்தாகத் தெரியும் ஒரு கோபுரத்தையோ விளக்குக் கம்பத்தையோ சதுரத்துக்குள் பிடியுங்கள். பக்கவாட்டிலும் உயரத்திலும் விலகாமல் ஒரே கோடாக நிற்க வேண்டும். பிறகு மேசையில் ஓர் அடிமட்டத்தைச் சாய்வாக வைத்து, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து, லென்ஸை முழுவதும் திறந்து எடுங்கள். கூர்மை அந்தக் கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ விழுந்தால், சரிபார்ப்புக்கு ஆகும் மாதங்களையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.