டார்க் சைட் ஆஃப் தி மூன்: குவாடா, 5.1-ஆ, அட்மாஸா?

பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் இந்த 1973 ஆல்பத்துக்கு இதுவரை மூன்று சரவுண்ட் மிக்ஸ்கள், அதாவது நம்மைச் சுற்றி ஸ்பீக்கர்கள் வைத்துக் கேட்பதற்கான ஒலிக்கலவைகள், வந்திருக்கின்றன. ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் அந்தக் காலத்திலேயே செய்த நான்கு சேனல் குவாட் (மூலைக்கு ஒரு ஸ்பீக்கர்), ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி 2003-ல் செய்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), அதே கத்ரி 2023-ல் கொடுத்த டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலும் ஒலி வரும்). புதுசுதான் உசத்தி என்று கண்ணை மூடிக்கொண்டு அட்மாஸை வாங்காதீர்கள். இருப்பதிலேயே துணிச்சலான மிக்ஸ் மூத்ததுதான்.

‘டைம்’ பாடலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கடிகாரங்களைப் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார். குவாட் ஒலி எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காகவே எடுத்த பதிவு அது. ஆல்பத்துக்குள் வந்தது பிறகுதான். அதனால் குவாடில் கேட்கும்போது அவை பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்ட மாதிரி இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒன்று அடிக்கும், திரும்புவதற்குள் எதிர் மூலையில் இன்னொன்று. ‘மணி’ (Money) பாடலில் சில்லறையும் கல்லாப்பெட்டியும் தாளம் தப்பாமல் அறையைச் சுற்றிவரும்.

இத்தனை நல்ல மிக்ஸுக்கு அன்று கிடைத்த ஃபார்மட்டுகள்தான் மோசம். எஸ்க்யூ (SQ) முறை எல்பி இசைத்தட்டு நான்கு சேனலையும் இரண்டுக்குள் திணித்தது. டீகோடர் என்ற கருவியில் திரும்பப் பிரித்தெடுத்தாலும் முன்னால் இருப்பது பின்னால் கசியும். க்யூ8 (Q8) என்ற டேப் கேட்ரிட்ஜில் நான்கும் தனித்தனியாகவே இருந்தன, ஆனால் டேப் இரைச்சல் மெல்லிய இடங்களை விழுங்கிவிடும். 2011-ல் வந்த ‘இம்மெர்ஷன்’ என்ற பல தட்டுகள் கொண்ட சிறப்புப் பெட்டியில்தான் இந்த மிக்ஸுக்கு விமோசனம் கிடைத்தது. குவாட் கேட்க வேண்டுமானால் இதைத்தான் தேடுங்கள்.

கத்ரியின் 5.1 வேறு சுபாவம். ஒலிகளை ஓடவிட்டு வேடிக்கை காட்டாது. பாட்டுக்கு நடுவில் உங்களை உட்கார வைக்கும். ‘அஸ் அண்ட் தெம்’ இதில்தான் கேட்க வேண்டும். குரலின் எதிரொலி முன்னாலிருந்து பின்னால் போய்க் கரையும்போது டிக் பாரியின் சாக்ஸபோன் அதன்மேல் மெதுவாக ஏறும். முதலில் எஸ்ஏசிடியாக (SACD, உயர்தர ஒலி சிடி) வந்த இந்த மிக்ஸ் இம்மெர்ஷன் பெட்டியின் ப்ளூ-ரேயிலும் இருக்கிறது. மிக்ஸ் ஒன்றேதான் என்பதால் உங்கள் பிளேயர் எதைப் படிக்கிறதோ அதை வாங்குங்கள். எஸ்ஏசிடிக்கு ஒரு வசதி உண்டு: அது இரண்டு வகைப் பதிவும் உள்ள ஹைப்ரிட் தட்டு, சாதாரண சிடி பிளேயரிலும் ஸ்டீரியோவாக ஓடும்.

அட்மாஸின் பலம் உயரம். ‘ஆன் தி ரன்’னில் சிந்தசைசர் தலைக்கு மேலே போகும்போது அந்தப் பாடல் புதிதாகிவிடுகிறது. கூரை ஸ்பீக்கர் இருந்தால் ப்ளூ-ரே தாராளமாக வாங்கலாம். ஸ்ட்ரீமிங்கில் வருவது சுருக்கப்பட்ட வடிவம். ஹெட்போனிலோ பாதி அழகு போய்விடும். உயர ஸ்பீக்கர் இல்லாதவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டாம், 5.1 போதும்.

என் ஓட்டு குவாடுக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை: பின்னால் பெயருக்கு இரண்டு குட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தால் அது எடுபடாது. பார்சன்ஸ் நான்கு மூலைக்கும் சம பங்கு கொடுத்திருக்கிறார். ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில், ஒலியை மாற்றாமல் அப்படியே தரும் ‘டைரக்ட்’ மோடையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அது தானாகவே சென்டர் ஸ்பீக்கரை நிரப்பி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.