ஹைட்ராலிக் பம்ப் போச்சுன்னு சொன்னா உடனே காசை எடுத்து நீட்டாதீங்க, 17,500 ரூவா அழுத கதை

மினி டிராக்டர் வச்சிருக்கறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, பதிவு நீளமாத்தான் இருக்கும். தெரியாதவங்களுக்கு, ஹைட்ராலிக் பம்புங்கறது ஆயிலை அழுத்தித் தள்ளி, டிராக்டர் பின்னாடி மாட்டுன கலப்பையத் தூக்க வைக்கற பம்பு. ரெண்டு மாசமா வயித்தெரிச்சல், யார்கிட்டயாச்சும் கொட்டித் தீர்த்தாத்தான் ஆறும் போல இருக்குது.

நமக்கு கோபி பக்கமுங்க. ரெண்டு ஏக்கர் வாய்க்கா பாசனத்துல நெல்லு, மேட்டாங்காட்டுல மஞ்சளும் தென்னையும். வண்டி 24 எச்.பி. மினி, வாங்கி ஆறு வருசம் ஆச்சு. நம்ம வேலை போக, பெரிய வண்டி நுழைய முடியாத தென்னந்தோப்புக்கெல்லாம் ரொட்டவேட்டர் (மண்ணைக் கொத்திப் பொடியாக்கற சுழல் கலப்பை) ஓட்டப் போவேன், மஞ்சக்காட்டுக்கும் போவேன், ஒரு நாள் வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் இல்ல.

இந்த தடவை நடவுக்கு சேறடிச்சு முடிச்ச நாலாம் நாள் காத்தால வண்டிய ஸ்டார்ட் பண்ணி லிஃப்ட் லீவரைத் தூக்குனா ரொட்டவேட்டர் எந்திரிக்கவே மாட்டேங்குது. அப்புறம் விக்கி விக்கி, திணறித் திணறி மேல வருது. கூடவே ஊஊஊன்னு ஒரு ஊளைச் சத்தம். அரை மணி நேரம் ஓடி சூடானதுக்கப்புறம் சத்தமும் கொறையுது, லிஃப்டும் பரவால்லாம எடுக்குது. இந்த "காத்தால மோசம், சூடானா பரவால்ல"ங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க. அன்னைக்கு எனக்கு அதோட அர்த்தம் தெரியல. தெரிஞ்சிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்ல.

வழக்கமா பாக்கற மெக்கானிக் ஊர்ல இல்ல. சரின்னு டவுன்ல ஒரு பட்டறைக்கு ஓட்டிட்டுப் போனேன். பேரு சொல்லல, சொல்லவும் மாட்டேன், கீழ கேக்காதீங்க. அந்தாளு வண்டிகிட்ட வந்தாரு, லீவரை ரெண்டு தடவை ஏத்தி இறக்குனாரு, சத்தத்தைக் கேட்டாரு, "பம்பு போச்சுங்கணா, இனி சீல் கிட்டு போட்டாலும் நிக்காது, புதுசாத்தான் மாத்தோணும்"னாரு. அளவுக்கம்பிய உருவி ஆயிலைக்கூடப் பாக்கல. நானும் பாக்கல, அதையும் ஒத்துக்கறேன். உழவு சீசன்ல அடுத்த நாள் ரெண்டு தோப்புக்கு வாக்கு குடுத்துட்டு நிக்கறவனுக்கு மூளை வேலை செய்யாதுங்க.

பம்பு 11,800, கூலி 2,500, ஆயிலு 3,200. மொத்தம் 17,500. சாயந்தரமா வாங்கன்னாரு, போனேன். புதுப் பெயிண்ட்ல பளபளன்னு பம்பு இருந்துச்சு, லிஃப்டும் எடுத்துச்சு. பழைய பம்பை எங்கீங்கன்னு கேட்டேன், "அது அப்பவே காயலாங்கடைக்குப் போயிருச்சுங்கணா, அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க"ன்னு சிரிச்சாரு. பில்லுக்கு ஒரு துண்டுச்சீட்டுல ஊதாப் பேனால எழுதிக் குடுத்தாரு. கடை சீலு இல்ல, நம்பர் இல்ல, ஒண்ணும் இல்ல.

பன்னெண்டு நாளு. கணக்கா பன்னெண்டு நாள்தான். மறுபடி அதே ஊளை. இந்த தடவை கூடவே இன்னொண்ணு, பிரேக் மிதிச்சா கர்ர்ர்னு பின்னாடி அதிருது, முன்ன அப்படி இருந்ததே இல்ல. பட்டறைக்குப் போன் பண்ணினா "ஆயில் இன்னும் செட் ஆகலீங்க, கொஞ்சம் ஓட்டுங்க"ங்கறாரு. ஆயில் செட் ஆகறதா? தோசை மாவா அது புளிக்கறதுக்கு?

பெருந்துறைல இருக்கற எங்க மச்சான்கிட்ட பொலம்பினேன். அவரு ஒரு பெரியவர்கிட்ட அனுப்பினாரு, வயசு எழுபது இருக்கும், அந்தக் காலத்துல இருந்து டிராக்டர் வேலை பண்றவரு, இப்ப வீட்டு வாசல்லயே தெரிஞ்சவங்களுக்கு மட்டும் பாத்துக் குடுக்கறாரு. போன உடனே வண்டிய மேடுபள்ளம் இல்லாத எடத்துல நிறுத்தி, ரொட்டவேட்டரைத் தரைல இறக்கச் சொல்லி, இஞ்சினை அமர்த்திட்டு அளவுக்கம்பிய உருவினாரு. விரல்ல தொட்டுப் பாத்துட்டு எங்கிட்ட காட்டறாரு. பால் ஊத்துன டீ கலர்ல இருக்குது ஆயிலு.

"என்ன கண்ணு, ஆயில்ல தண்ணி கலந்திருக்குது, இதை யாரும் பாக்கலியா?"

அப்புறம் அவரு கேட்ட கேள்விதான் முக்கியம். சத்தம் எப்ப அதிகம், காத்தாலயா, சூடானதுக்கப்புறமான்னாரு. காத்தாலன்னேன். "அப்பப் பம்பு இல்ல சாமி"ன்னு அப்பவே சொல்லிட்டாரு. அவரு சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். பம்பு உள்ள கியர் தேஞ்சு போயிருந்தா, ஆயில் சூடாகி எளகினதுக்கப்புறம் அந்த இடுக்கு வழியா ஒழுகிரும், அதனால காத்தால நல்லா எடுக்கற வண்டி மத்தியானம் எடுக்காது. நம்ம கேசு தலைகீழு. ஆயில் கெட்டியா இருக்கறப்ப எடுக்கல, எளகினா எடுக்குது, அப்படின்னா பம்புக்கு ஆயில் போற வழியில ஏதோ அடைச்சிருக்குது. பம்பு உறிஞ்சி உறிஞ்சிப் பாக்குது, வரல, அந்தத் திணறல்தான் ஊளைச் சத்தம். இன்னொண்ணும் சொன்னாரு: தூக்கி வச்சு இஞ்சினை அமர்த்துன பின்னாடி கலப்பை தானா இறங்குச்சுன்னா அதுக்கும் பம்புக்கும் சம்பந்தமே இல்ல, சிலிண்டர் சீலோ வால்வோதான், அதுக்கும் பம்பை மாத்தச் சொல்றவன் இருக்கான்னாரு.

ஆயில் வடிக்க டிரெயின் நட்டைக் கழட்டினா மொதல்ல வந்தது சேத்துத் தண்ணி. நெசமா தண்ணிங்க, ராத்திரி பூரா வண்டி நின்னதுல அடியில தங்கியிருக்குது. அப்புறம் பக்கவாட்டு மூடியக் கழட்டி, பம்புக்கு ஆயில் போற வழியில இருக்கற சல்லடைய எடுத்தாரு, சக்ஷன் ஸ்ட்ரெய்னர்னு சொல்றாங்கல்ல அது. கம்பி வலையே தெரியல. சேறும் ஆயிலும் கொழஞ்சு களிம்பாட்டம் அப்பியிருக்குது, அதுக்கு மேல செவப்புக் கலர்ல ரப்பர் துணுக்கு. கேஸ்கெட்டுக்குப் பதிலா தாராளமா அப்புன சிலிகான் பேஸ்ட்டு பிதுங்கி உள்ள போயி சல்லடைல ஒட்டியிருக்குது. அது எங்க பட்டறைக்காரரோட கைவண்ணம். சல்லடையத் தொடக்கூட இல்ல அவரு, 3,200 ரூவா ஆயிலும் பாதி பழசோட மேலயே ஊத்துனதுதான். அதுவும் டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயிலே இல்ல, ஏதோ லூசுல விக்கற இஞ்சின் ஆயிலு. நம்ம மாதிரி மினி வண்டில கியர்பாக்ஸ், ஹைட்ராலிக், ஆயில் பிரேக்கு எல்லாத்துக்கும் ஒரே ஆயில்தான் ஓடுது, அதனாலதான் அதுக்குன்னு யு.டி.டி.ஓ.ன்னு தனி ஆயில் போடச் சொல்றாங்க. அதுல பிரேக் தட்டுக்கு வேண்டிய சமாச்சாரம் கலந்திருக்கும், இஞ்சின் ஆயில்ல அது கெடையாது. பிரேக் கர்ர்ர்னதுக்கு அதான் காரணம்.

தண்ணி எப்படிப் போச்சுன்னா, அது என் தப்பு. மேல இருக்கற காத்துப் போற மூடி, பிரீதர், அது எப்பவோ உடைஞ்சு போயி நான் ஒரு துணியத் திணிச்சு வச்சிருந்தேன். அதோட சேத்துல ஓட்டிட்டு, வந்து பிரஷர் தண்ணி அடிச்சுக் கழுவியிருக்கேன். ஆயிலு மாத்தியும் 1,400 மணி நேரம் தாண்டிருச்சு, என் வண்டி புக்குல 1,000ன்னு போட்டிருக்குது. பெரியவர் அந்தத் துணிய எடுத்து என் மூஞ்சிக்கு நேரா ஆட்டிட்டு ஒண்ணும் சொல்லாம கீழ போட்டாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

சல்லடைய டீசல்ல கழுவி, புது ஓ-ரிங் போட்டு மாட்டினாரு. அந்த ஓ-ரிங் வெல நாப்பதோ அம்பதோ. ஓ-ரிங் வெடிச்சிருந்தா அது வழியாவும் காத்து இழுக்குமாம், ஆயில் நொரை நொரையா வருமாம். அப்புறம் சரியான ஆயில் 20 லிட்டர் கேன் வாங்கிட்டு வந்து அளவுக்கு ஊத்தினோம். டிப்பர் டிரெய்லருக்குப் பைப் மாட்டற எடத்துல ஒரு பிரஷர் மீட்டரை மாட்டிப் பாத்தாரு, புக்குல போட்ட அளவுக்குக் கிட்டத்தட்ட முள்ளு போயி நின்னுச்சு. வண்டி ஓடறப்ப ஒரு ஜாயிண்ட்ல கசியுதான்னு விரல வச்சுத் தடவப் போனேன், கையத் தட்டி உட்டாருங்க. அந்தப் பிரஷர்ல ஊசித்தொளை அளவு ஓட்டை இருந்தாக்கூட ஆயிலு தோலைக் கிழிச்சுட்டு உள்ள போயிருமாம், மேல பாத்தா எறும்பு கடிச்ச மாதிரிதான் தெரியுமாம், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடலீன்னா விரலையே எடுக்க வேண்டி வருமாம். அட்டைத் துண்டை வச்சுத்தான் பாக்கோணும்னாரு.

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வர்றேன். பிரஷர் பாத்ததுக்கப்புறம் பெரியவர் பம்பையே உத்துப் பாத்துட்டு இருந்தாரு. "இது புதுசுன்னா சொன்னான்?"னு கேட்டுட்டு, டீசல் துணியால ஒரு மூலைல தேய்ச்சாரு. ஸ்ப்ரே பெயிண்ட்டு அப்படியே உரிஞ்சு வந்துச்சு. உள்ள பழைய பெயிண்ட்டு, அதுக்கும் கீழ பொறிச்ச நம்பரு. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. போன வருசம் பம்பு ஜாயிண்ட்ல லேசா கசியுதுன்னு மச்சானுக்கு வாட்சப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தேன். போனைத் தோண்டி எடுத்துப் பெருசு பண்ணிப் பாத்தா, அதே நம்பரு. ஒரு எழுத்து மாறல.

அதாவது மக்களே, பம்பு போகவும் இல்ல, மாத்தவும் இல்ல. என் பம்பையே கழட்டி, பெயிண்ட் அடிச்சு, எனக்கே 11,800க்கு வித்திருக்கான். ஆயில் கொஞ்சம் மாறுனதுல பன்னெண்டு நாள் தாக்குப் புடிச்சிருக்குது, அவ்வளவுதான்.

மச்சானைக் கூட்டிட்டுப் பட்டறைக்குப் போனேன். மொதல்ல "கம்பெனி பம்பு எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தாங்கணா இருக்கும்"னான். மச்சான் "அப்படியா, சரி, கடைல இன்னொரு புதுப் பம்பு இருந்தா காட்டுங்க, நம்பரைப் பாத்துக்கலாம்"னாரு. பதிலே இல்ல. அப்புறம் பையன் தப்பா மாட்டிட்டான்னு கதை மாறுச்சு, அந்தப் பையன் பாவம், பதினஞ்சு வயசு இருக்கும், ஓரமா நின்னு ஸ்பேனரைத் தொடைச்சுட்டு இருந்தான். 1915க்குப் போன் போடறேன்னு, அந்த நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்குதுல்ல, மச்சான் செல்லை எடுத்ததுக்கப்புறம் 8,000 ஜிபேல வந்துச்சு. மிச்சத்துக்கு அடுத்த வாரம்னான். முறையான பில்லு இருந்திருந்தா நேரா மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்கே போயிருக்கலாம், நம்மகிட்ட இருக்கறது ஊதாப் பேனா சீட்டுதான். ஆனா அந்தச் சீட்டுல "புது பம்பு 1"ன்னு அவன் கைப்பட எழுதியிருக்கறதால தூக்கிப் போடாம வச்சிருக்கேன், வக்கீல் ஒருத்தர் பாத்துட்டு அதையும் போட்டோவையும் வச்சே புகார் குடுக்கலாம்னு சொல்லியிருக்காரு.

அதனால வேலைக்கு உடறதுக்கு முன்னாடி பம்பு நம்பரை, ஸ்டார்ட்டர் நம்பரை, பேட்டரி நம்பரை எல்லாம் போட்டோ புடிச்சு வச்சுக்கோங்க. பழைய பார்ட்டைக் கையோட வாங்கிட்டு வாங்க, காயலாங்கடை காசு நமக்கே வரட்டும். சல்லடையக் கழட்டி கண்ணு முன்னாடி காட்டாம பம்பு போச்சுன்னு எவன் சொன்னாலும் வண்டியத் திருப்பிட்டு வந்துருங்க.

பெரியவர் கூலி 800தான் வாங்கினாரு. 20 மணி நேரம் ஓட்டிட்டு ஆயிலை இன்னொருக்கா வடிச்சு மாத்தச் சொன்னாரு, பழைய தண்ணியும் இஞ்சின் ஆயிலும் மூலை முடுக்குல தங்கியிருக்கும்னு, போன ஞாயித்துக்கிழமை மாத்திட்டேன். பிரேக் அதிர்ச்சி முக்காவாசி கொறைஞ்சுருச்சு, ஊளை சுத்தமா இல்ல. பிரீதர் மூடி புதுசு 180 ரூவா.

அடுத்த வாரம்னவன் ஆறு வாரமா போனை எடுக்கல.