பெட்டியில் வந்த வீட்டைத் தேக்கா கடைவீடாக்க எது கைகொடுக்கும்: விளக்கா, உதிரிக் கட்டையா, ஒட்டுப்படமா?

கடையில் வாங்கிய லெகோ வீட்டைக் கையேட்டின்படி கட்டி முடித்தாயிற்று. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஏதோ ஓர் ஐரோப்பிய நகரத்து வீடு. அதைக் கொஞ்சம் நுணுக்கமாக்கி, நம் சிங்கப்பூரின் தேக்காவில், டன்லப் ஸ்திரீட்டிலோ கேம்பல் லேனிலோ நிற்கும், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடு போல ஆக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. விளக்குத் தொகுப்பு வாங்கலாம். உதிரிக் கட்டைகள் வாங்கிச் சுவரையே மாற்றலாம். ஒட்டுப்படம் அச்சடித்து ஒட்டலாம். முப்பரிமாண அச்சில் புதுப் பாகங்கள் செய்யலாம், வண்ணமும் பூசலாம். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். எதற்கு முதலில் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. உதிரிக் கட்டைக்குத்தான் என்பது என் கட்சி. காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எந்த வீட்டை எடுத்துக்கொள்வது என்று பார்த்துவிடலாம். 2020-இல் வந்த 10270 என்ற புத்தகக் கடைத் தொகுப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 2504 பாகங்கள். அதில் தனித்தனியாகப் பிரித்து வைக்கக்கூடிய இரண்டு ஒடுக்கமான வீடுகள், ஒவ்வொன்றும் 16 ஸ்டட் (கட்டையின் மேலுள்ள சிறு குமிழ்) அகலம். ஒரு ஸ்டட்டுக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ. என்பதால் வீட்டின் அகலம் 12.8 செ.மீ. லெகோ மனிதனின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ.; அவனை 170 செ.மீ. ஆளாக எடுத்துக்கொண்டால் நாம் கட்டுவது 42-இல் ஒரு பங்கு அளவு. அந்தக் கணக்கில் வீட்டின் அகலம் 5.4 மீட்டர் வருகிறது. தேக்காவின் கடைவீடுகள் பலவும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான். அளவு இப்படித் தானாகவே பொருந்துவதால் 16 ஸ்டட் வீடு எதுவானாலும் இந்த வேலைக்கு ஏற்றது. அந்தத் தொகுப்பே கிடைக்க வேண்டும் என்பதில்லை.

இனி விளக்கு. பெரும்பாலோர் முதலில் வாங்குவது இதைத்தான். பெட்டியின் எண்ணைச் சொன்னாலே அதற்கென்று தயாரித்த விளக்குத் தொகுப்பு இணையத்தில் கிடைத்துவிடுகிறது. கடுகு அளவு எல்இடி, முடி போன்ற மெல்லிய கம்பி, யுஎஸ்பி இணைப்பு. கம்பியை ஸ்டட்டின் மேல் போட்டு அழுத்தாமல் இரண்டு ஸ்டட்டுகளுக்கு நடுவில் கிடத்தினால் மேலே கட்டை சரியாக உட்காரும், கம்பியும் நசுங்காது. கைக்குப் பழக்கமானவர்கள் சிம் லிம் டவரில் எல்இடியும் மின்தடையும் தனியாக வாங்கிச் செய்துகொள்ளலாம்: 5 வோல்ட் மூலத்தில் 3 வோல்ட் எல்இடிக்கு 220 ஓம் போட்டால் சுமார் 9 மில்லியாம்பியர் ஓடும். இந்த அளவுக்கு அது போதும். பவர்பேங்கை நம்பி இறங்க வேண்டாம். மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர்பேங்குகள் தாமாகவே நின்றுவிடும்.

இரவில் விளக்கைப் போட்டால் வீட்டில் உள்ளவர்கள் கூடிவிடுவார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் விளக்கு புதிதாக ஒரு நுணுக்கத்தையும் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதைக் காட்டுகிறது, அவ்வளவே. சுவர் வழவழவென்று வெறுமையாக இருந்தால், விளக்குப் போட்ட பிறகு அந்த வெறுமைதான் இன்னும் பளிச்சென்று தெரியும். பகலில் விளக்கு இருப்பதே தெரியாது. அதனால் விளக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். தீபாவளிக்குச் சிராங்கூன் ரோட்டில் போடும் அலங்கார வளைவைச் செய்ய நினைப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே விளக்குதான் பொருளே.

உதிரிக் கட்டைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கடைவீட்டுக்கு உயிர் எங்கே இருக்கிறது? முகப்பின் மேடுபள்ளத்தில். முன்னுக்கு வந்த தூண், உள்ளே தள்ளிய சன்னல், பலகைச் சட்டங்கள் வரிசையாக இருக்கும் கதவு, அதற்கு மேல் காற்றுப் போக ஓட்டை. நம் ஊர் வெயில் உச்சியிலிருந்து விழும்போது இவை ஒவ்வொன்றின் கீழும் ஒரு நிழல் கோடு விழுகிறது. பெட்டியில் வரும் வீட்டில் அந்த ஆழம் பெரும்பாலும் இல்லை. அதைக் கொண்டுவர ஒரே வழி கட்டைதான்.

முதல் வேலை ஐந்தடி நடைபாதை. 1822-இல், நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்கு எழுதிய அறிவுறுத்தலில், வீடுகளின் முன்னால் தெருவோரமாகத் தொடர்ந்து போகும் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்றார். அஞ்சடி இல்லாவிட்டால் என்ன நிறம் கொடுத்தாலும் அது கடைவீடு ஆகாது. லெகோ நகர வீடுகளிலோ நடைபாதை வானம் பார்த்துக் கிடக்கிறது. ஐந்தடி என்றால் ஒன்றரை மீட்டர்; நம் அளவில் 36 மி.மீ. ஆக, மேல்மாடியின் முகப்பை 4 ஸ்டட் முன்னுக்கு இழுத்து, இரு ஓரங்களிலும் தூண் கொடுத்துத் தாங்கினால் 32 மி.மீ. ஆழத்தில் அஞ்சடி வந்துவிடும். லெகோ மனிதன் ஒருவன் நிற்க, இன்னொருவன் அவனைத் தாண்டிப் போக இடம் இருக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே வீடு ஐரோப்பாவை விட்டுக் கிளம்பிவிடுகிறது. இதை எந்த விளக்கும் ஒட்டுப்படமும் செய்யாது.

அடுத்தது சன்னல் கதவு. இதைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உதிரிக் கட்டையின் அருமை இதில்தான் புரியும். 2412 என்ற எண்ணில் 1×2 கிரில் டைல் கிடைக்கிறது; டைல் என்றால் மேலே ஸ்டட் இல்லாத தட்டைக் கட்டை. அதன் கீற்றுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் டைலை நிறுத்தி வைத்தால் கீற்று செங்குத்தாகிவிடும், அது நமக்கு வேண்டாம். கிடையாகப் படுக்க வைத்து நான்கு டைலை ஒன்றின் கீழ் ஒன்றாக 2×4 பிளேட்டில் (ஸ்டட் உள்ள மெல்லிய கட்டை) பதியுங்கள். 16 மி.மீ. அகலம், 32 மி.மீ. உயரத்தில் பலகைச் சட்டக் கதவு தயார். இனி அந்தப் பிளேட்டைச் சுவரில் செங்குத்தாக மாட்ட வேண்டும். லெகோ அளவுகளில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது: ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மி.மீ., ஐந்து பிளேட் சேர்ந்தால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு ஸ்டட் அகலம். சாதாரணக் கட்டையின் உயரம் மூன்று பிளேட். எனவே பக்கவாட்டில் ஸ்டட் உள்ள கட்டை ஒன்று, மேலே இரண்டு பிளேட், அதற்கு மேல் மீண்டும் அதே கட்டை என்று சுவரை எழுப்பினால், பக்கவாட்டு ஸ்டட்டுகள் 16 மி.மீ. இடைவெளியில் வந்து நிற்கும். கதவுப் பிளேட் அதில் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். கதவு சுவரிலிருந்து 6.4 மி.மீ. வெளியே நிற்பதால் பக்கத்தில் மேசை விளக்கு எரிந்தாலே நிழல் விழுகிறது.

அப்புறம் சுவர். செங்கல் வரி போட்ட 98283 கட்டையைச் சுவர் முழுக்க நிரப்ப வேண்டியதில்லை. காரை பெயர்ந்தது போல அங்கங்கே நாலைந்து போதும். பூக்கடைக்கு 1×1 பூ வடிவப் பிளேட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்து செருகி, மேல் ஸ்டட்டைப் பந்தல் பிளேட்டின் அடியில் மாட்டினால் 3.2 செ.மீ. நீளத்தில் சரம் தொங்கும். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாற்றி மாற்றிச் செருகினால், பஃபலோ ரோட்டில் மாலை தொங்குவது அப்படியே கண்முன் வரும்.

எந்தக் காலத்துக் கடைவீடு என்று முன்பே முடிவு செய்துகொள்வதும் நல்லது. நகர மறுசீரமைப்பு ஆணையம் கடைவீடுகளை ஆரம்பகாலப் பாணி, பிற்காலப் பாணி, ஆர்ட் டெக்கோ என்றெல்லாம் வகைப்படுத்தியிருக்கிறது. பிற்காலப் பாணியில் மேல்மாடி முழுக்க மூன்று சன்னல், பூவேலை, தூணில் வரிப்பள்ளம் என்று அலங்காரம் அதிகம், சில்லறைப் பாகங்களும் அதிகம் செலவாகும். ஆர்ட் டெக்கோவில் நேர்க்கோடுகள்தான் ஆட்சி செய்யும். முதன்முறை செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை ஆர்ட் டெக்கோ.

செலவு? சில்லறைப் பாகம் ஒவ்வொன்றும் மலிவு, தபால் செலவுதான் கடிக்கும். 2000-இல் தொடங்கி 2019-இல் லெகோ நிறுவனமே வாங்கிக்கொண்ட பிரிக்லிங்க் தளத்தில் உலகெங்கும் உள்ள சிறு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். விலையை மட்டும் பார்த்து ஐந்து நாட்டில் ஐந்து கடைக்கு ஆர்டர் போட்டால் தபாலுக்கே பாதிக் காசு போய்விடும். சிங்கப்பூர் விற்பனையாளர்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், பாகம் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் மொத்தத்தில் லாபம். 2023 முதல் 400 வெள்ளி வரையிலான வெளிநாட்டுப் பொருள்களுக்கும், பதிவு பெற்ற விற்பனையாளர்கள் பொருள் சேவை வரி வசூலிக்கிறார்கள். இப்போது அது 9 விழுக்காடு. பழைய பொருள் விற்கும் கேரோசெல் தளத்தில் கிலோ கணக்கில் பழைய கட்டை வாங்குவது சுவருக்கு உதவும், கிரில் டைல் போன்ற குறிப்பிட்ட பாகத்துக்கு உதவாது. வாங்குவதற்கு முன் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் முகப்பை வரைந்து பார்த்துவிட்டால் எத்தனை பாகம் வேண்டும் என்ற பட்டியலையும் அதுவே கொடுத்துவிடும்.

மற்ற நிறுவனங்களின் பொருந்து கட்டைகளும் இருக்கின்றன. அடிப்படைக் கட்டையின் காப்புரிமை காலாவதியாகிப் பல காலம் ஆகிறது, அவற்றை வாங்குவதில் தவறில்லை. உள்ளே மறையும் இடங்களுக்குத் தாராளமாகப் போடலாம். முகப்பில் கலந்தால் நிறம் ஒரு சாயல் மாறித் தெரியும்.

கட்டையால் முடியாத ஒரு வேலை உண்டு: பெயர்ப்பலகை. இங்கே ஒட்டுப்படத்துக்கு இணை எதுவும் இல்லை. தேக்காவின் கடையில் தமிழ்ப் பலகை இல்லாமல் எப்படி? லெகோ தொகுப்புகளில் நம் எழுத்து வராது, நாமே அச்சடித்தால்தான் உண்டு.

ஆனால் இதில் கவனம் தேவை. 1×8 டைல் என்றால் 64 மி.மீ. நீளம், 8 மி.மீ. உயரம். ஓரம் விட்டால் எழுத்துக்கு 6 மி.மீ.தான் மிஞ்சும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது போதும். தமிழுக்கு மேலே புள்ளியும் இகர விசிறியும், கீழே உகரச் சுழியும் இருக்கின்றன. அவற்றுக்கு இடம் ஒதுக்கிய பிறகு எழுத்தின் உடம்பு 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் மை ஊறி அடைத்துக்கொள்ளும். அதனால் 2×4 டைல் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 64க்கு 16 மி.மீ. பலகையாகச் செய்யுங்கள். ‘பூமாலை, பத்தி, சூடம்’ என்று ஒரே வரியில் தெளிவாக வரும். தடித்த எழுத்துருவைத் தவிர்த்து நடுத்தரத் தடிமனில் போடுங்கள், லேசர் அச்சில் எடுங்கள். இன்க்ஜெட் மை காகித ஒட்டியில் கசியும், நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஓரமும் சுருளும். வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது என்பதால், ஒளிபுகும் ஒட்டியில் அடிப்பதானால் டைல் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்க வேண்டும். கருநீலப் பலகையில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால், டைலின் மேலேயே யுவி அச்சு (புற ஊதா ஒளியில் மையை உலர்த்தும் அச்சு) போட்டுத் தரும் கடைக்குத்தான் போக வேண்டும். விலை கூடும், ஆனால் உரியாது. பலகை ஒன்றுக்கு மட்டும் அந்தச் செலவு தகும் என்பேன்.

செங்கல், ஓடு, சன்னல் எல்லாவற்றையும் ஒட்டுப்படமாக அடித்து ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நேரே நின்று பார்த்தால் சரி. ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்த நொடியில் அது தட்டையான படம் என்று தெரிந்துவிடும்.

முப்பரிமாண அச்சைப் பற்றிச் சுருக்கமாக. நூலகங்களின் மேக்ஐடி கூடங்களிலேயே இதைக் கற்றுக்கொண்டு செய்து பார்க்கலாம். சைக்கிள் ரிக்‌ஷா, ஆட்டுக்கல் போலத் தனியாக நிற்கும் பொருளுக்கு இது நல்ல வழி. கட்டையோடு பொருந்த வேண்டிய பாகத்துக்கு இது சரிவராது. லெகோ கட்டையின் அளவுத் துல்லியம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. சாதாரண இழை அச்சுப்பொறி ஓர் அடுக்கு போடுவதே 0.2 மி.மீ. தடிமனில். பிடிப்பு ஒன்று தளர்ந்து போகும், இல்லையென்றால் இறுகி மற்றக் கட்டையில் விரிசல் விடும்.

வண்ணம் பூசுவது தனி மரபு. மாதிரி ரயில், மாதிரி விமானம் செய்கிறவர்கள் நீர்த்த கறுப்பு அக்ரிலிக்கைச் சுவரில் தடவித் துடைத்து மழைக்கறை கொண்டுவருவார்கள், பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் பூச்சு ஸ்டட்டில் பட்டால் பிடிப்பு கெடும், நகம் பட்டால் உரியும், அந்தக் கட்டையை வேறு எதற்கும் திரும்ப எடுக்க முடியாது. பிரித்து மீண்டும் கட்டலாம் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் முழு இன்பமே என்று நினைக்கிறவன் நான், அதனால் தூரிகை பக்கம் போவதில்லை. பழைய சுவர் வேண்டுமென்றால் வெளிர் மணல் நிறச் சுவரின் அடி வரிசைகளில் கருமணல் நிறத்தையும் பாசிப் பச்சையையும் ஒவ்வொரு கட்டையாகக் கலந்துவிடுகிறேன். கீழே நெருக்கமாக, மேலே போகப் போக அரிதாக. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு சுவரில் பாசி ஏறுவதும் அப்படித்தானே.