கையால் வெட்டிய வாஷர்களோடு 7 ஆண்டுகள்

என்னிடம் இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் ஒரு பித்தளைப் பம்பு ஸ்டவ்வும் உள்ளன. பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் ஸ்வீடனில் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் அமைப்பு அதிகம் மாறாமலேயே பல தலைமுறைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இத்தகைய அடுப்புகளின் பித்தளை பழுதாவது அரிது, பழுதாவதெல்லாம் இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வாஷர்தான். என் மூன்று சாதனங்களுக்கும் வேண்டிய வாஷர்களைக் கடந்த 7 ஆண்டுகளாக நானே வெட்டிப் போட்டு வருகிறேன்.

முதல் முயற்சியே சறுக்கியது. வெப்பம் தாங்கும் என்ற ஒரே காரணத்திற்காகச் சிலிக்கான் ரப்பர்த் தகட்டை வாங்கி, விளக்கின் எண்ணெய் மூடிக்கு அழகாக ஒரு வாஷர் வெட்டிப் போட்டேன். சில நாள் கழித்து மூடியைத் திறந்தபோது, அது ஊறிய அப்பளம்போல் நெளிந்து தன் பள்ளத்தைவிட்டு வெளியே பிதுங்கி நின்றது. எவ்வளவு அழுத்தியும் திரும்ப உள்ளே போகவில்லை. சிலிக்கான் 200 டிகிரி செல்சியஸையும் தாங்கும் என்பது உண்மை, ஆனால் மண்ணெண்ணெயில் அது வெகுவாக உப்பிவிடும். மூடி இருக்கும் இடத்திலோ சூடு மிதமானதுதான். அங்கே ரப்பருக்கு எதிரி நெருப்பன்று, எண்ணெய்.

நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு நன்றாக ஈடுகொடுக்கும் என்றாலும், 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் தொடர்ந்து கிடந்தால் இறுகி வெடிப்பு விடும். ஆகவே விளக்கின் மூடிக்கும், பம்பின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வின் சிறு வில்லைக்கும் ‘விட்டான்’ (Viton) என்னும் புளோரின் கலந்த ரப்பருக்கு மாறினேன். எண்ணெயோடு சுமார் 200 டிகிரி வரையிலான சூட்டையும் அது தாங்கும். விட்டான் என்று சொல்லி வேறெதையோ விற்பதுண்டு என்பதால், கையில் எடுத்துக் கனம் பார்ப்பேன். உண்மையான விட்டான் நைட்ரைலைவிடத் தெளிவாகக் கனமாக இருக்கும். அதன் பிறகும் ஒரு துண்டை வெர்னியரால் அளந்து, இரண்டு நாள் மண்ணெண்ணெயில் போட்டு, மறுபடி அளந்த பின்பே வெட்டத் தொடங்குவேன். அதன் கழிவுத் துண்டுகளை மட்டும் ஒருபோதும் நெருப்பில் போடக் கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் புளோரைடு என்னும் கொடிய வாயு வெளிப்படும்.

வெட்டுவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. தடித்த ரப்பரின்மேல் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி அடித்தால், ரப்பர் அழுந்திப் பிதுங்கிய நிலையிலேயே வெட்டுப்படுவதால், வாஷரின் பக்கச் சுவர் உடுக்கையின் இடுப்புபோல் உள்வாங்கிவிடும். அப்படிப்பட்ட வாஷர் பள்ளத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். நான் பித்தளைக் குழாயின் வாயை அரத்தால் கூராக்கி, துளைபோடும் இயந்திரத்தில் பொருத்தி, சோப்புத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, மிக மெதுவான சுழற்சியில் அமிழ்த்துகிறேன். ஒருவழி வால்வின் வில்லையை இப்படி வெட்டத் தொடங்கிய பிறகு, பம்புக்குள் எண்ணெய் ஏறும் தொல்லை எனக்கு வரவில்லை.

ஸ்டவ்வில் பர்னர் தொட்டியோடு சேரும் இடத்திற்கு ரப்பர் எதுவும் ஆகாது. அங்கே காரீய வாஷரே போடுகிறேன். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும் என்று அஞ்சுவோருக்குச் சொல்வேன்: மேலேறி வரும் எண்ணெயே அந்த இணைப்பைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் வேறு வேலைக்குப் போக வேண்டாம். செம்பு வாஷர் இருக்கும் இடங்களில் புதிதே தேவையில்லை. பழையதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகி நன்றாகப் படியும். டெஃப்ளானைச் சிலர் மெச்சுகிறார்கள். 260 டிகிரி வரை தாங்கினாலும் தொடர் அழுத்தத்தில் அது மெல்ல மெல்லப் பிதுங்கி மெலிவதால், நான் கைவிட்டுவிட்டேன்.

திருகுத் தண்டைச் சுற்றியுள்ள அடைப்புக்குக் கிராஃபைட் கயிறு போதும். பழைய சாதனத்தில் சாம்பல் நிற நாராக ஏதாவது இருந்தால், அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும்; உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நன்றாக நனைத்து, கிழியாமல் எடுத்து, உறையிலிட்டு அப்புறப்படுத்த வேண்டும். பம்பின் தோல் வாஷருக்கு எண்ணெய் விட்டு ஊறவைப்பதைத் தவிர நான் வேறொன்றும் செய்வதில்லை.

எந்த வாஷரை மாற்றினாலும், பற்றவைக்காமல் காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். இரண்டாவது விளக்கின் மூடியில் மட்டும் ஒரே இடத்தில் ஊசிமுனையளவு குமிழி பல மாதம் வந்துகொண்டிருந்தது. என் வெட்டுதான் சரியில்லை என்று எண்ணி, விட்டானில் ஆறு வாஷர்களை வீணாக்கினேன். ஒருநாள் நகத்தால் தொட்டிக் கழுத்தின் விளிம்பைத் தடவியபோது, அதே இடத்தில் ஒரு சிறு பள்ளம் தட்டுப்பட்டது. கழுத்துக்குள் துணியை அடைத்து, தட்டையான மரக்கட்டையில் ஒட்டிய நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பைச் சமமாகத் தேய்த்து, தூளைத் துடைத்தெடுத்த பிறகு, ஒதுக்கி வைத்திருந்த அந்த ஆறில் முதல் வாஷரையே எடுத்துப் போட்டேன். அதுதான் இன்றுவரை அந்த மூடியில் இருக்கிறது.