சேர்வர் எழும்பாவிட்டால்: பதிவேட்டை வாசிப்பதா, கழற்றிப் பார்ப்பதா, மாற்றிப் போடுவதா?

மாரி தொடங்கி ஒரு மாதம் இருக்கும். மட்டக்களப்புக் கல்லடியில் ஓர் அலுவலகத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு சேர்வருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். முன்பக்கத்தில் செம்மஞ்சள் விளக்கு. மெஷின் எழும்புகிறது, ரேம் என்னும் நினைவகத்தைச் சரிபார்க்கும் இடத்தில் நிற்கிறது, விசிறிகள் ஒருமுறை இரைகின்றன, அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. கணக்கு, சம்பளம், இருப்பு எல்லாம் அதற்குள்தான். "தம்பி, நேற்றுப் பின்னேரம் வரைக்கும் நல்லாத்தானே ஓடினது" என்று பொறுப்பாளர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

என்னோடு வந்த நண்பர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்ப்பது அவருடைய வழி. கல்முனையில் பழைய சேர்வர் சாமான் வைத்திருக்கும் காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) போன் எடுத்தால், "ரேம் என்னட்டக் கிடக்கு, பஸ்ஸில குடுத்து விடுறன், போட்டுப் பாருங்க" என்றார். எனக்கோ மெஷின் தன் பிழைகளைத் தானே எழுதிவைக்கும் பதிவேட்டை முதலில் பார்க்க வேண்டும். மூன்றும் உலகம் முழுக்கச் செய்யப்படுகிற வழிகள்தான். ஆனால் பெரிய ஸ்டோர் ஒன்று பக்கத்தில் இருக்கிறவனுக்கும், நல்ல பாகம் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கும், எதை முதலில் செய்வது என்பது ஒன்றாக இருக்க முடியாது. அதைத்தான் இங்கே அலசப் பார்க்கிறேன்.

பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். சாதாரணக் கம்ப்யூட்டருக்கும் சேர்வருக்கும் உள்ள பெரிய வித்தியாசம், சேர்வர் போர்டில் தனியாக ஒரு கண்காணிப்புச் சிப் இருப்பது. பிஎம்சி என்பார்கள். இன்டெல், டெல், எச்பி, என்இசி சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஐபிஎம்ஐ என்ற பொது விதிமுறைதான் இதற்கு அடிப்படை. டெல்லில் ஐட்ராக் என்றும், எச்பிஈயில் ஐலோ என்றும், லெனோவோவில் எக்ஸ்கிளாரிட்டி என்றும் பெயர் மாறும். வேலை ஒன்றுதான். சேர்வர் அணைந்திருந்தாலும், வயர் செருகியிருந்து காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை, இந்தச் சிப் விழித்திருக்கும். ரேம் செருகும் எந்த ஸ்லாட்டில் பிழை வந்தது, எந்த விசிறி நின்றது, எந்த பவர் சப்ளை எத்தனை மணிக்கு விழுந்தது என்று எழுதிக்கொண்டே இருக்கும். வயரைப் பிடுங்கினாலும் அந்த எழுத்து அழியாது.

இதை வாசிக்க லைசன்ஸ் தேவையில்லை. தூரத்திலிருந்து திரையைப் பார்க்கிற வசதிக்குத்தான் பல மாதிரிகளில் காசு கேட்பார்கள். பின்பக்கத்துத் தனி நெட்வொர்க் துளையில் ஒரு கேபிளைச் செருகி, லப்டொப்பில் பிரவுசரைத் திறந்தால் பெரும்பாலும் போதும். நம்மூரில் தடையாக இருப்பது வேறு விஷயம். அந்தச் சிப்பின் முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. டெல் என்றால் ஆரம்ப முகவரி 192.168.0.120, பழைய மாதிரிகளில் பயனர் பெயர் ரூட், பாஸ்வேர்ட் கால்வின். இன்னும் அப்படியே விட்டுவைத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள், அது ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்ட். புதிய மாதிரிகளில் பாஸ்வேர்ட் மெஷினில் இழுத்துப் பார்க்கிற சிறு அட்டையில் அச்சிட்டிருக்கும்.

பதிவேட்டை நம்பும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். போர்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால் திகதிகள் 1970 போல எங்கேயோ போய் நிற்கும். வரிசையை நம்பலாம், நேரத்தை நம்பக் கூடாது. சில பழைய போர்டுகளில் பதிவேடு நிரம்பிவிட்டால் புதிய பிழைகள் எழுதப்படவே மாட்டா. பல வருடம் யாரும் துடைக்காத பதிவேட்டில் 'எல்லாம் நலம்' என்று இருந்தால், அது பழைய நலமாக இருக்கலாம்.

அன்று கல்லடியில் பதிவேடு கிடைத்தது. இரண்டு கிழமையாக ஏ2 ஸ்லாட்டில் திருத்தக்கூடிய நினைவகப் பிழைகள் வரம்பைத் தாண்டியதாக ஒன்பது வரிகள். கடைசி வரி அதிகாலை நேரத்தில், திருத்த முடியாத பிழை. சேர்வரில் போடும், பிழை திருத்தும் ஈசிசி நினைவகம் 64 பிட் தரவோடு 8 பிட் சேர்த்து எழுதுகிறது. ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கும் ஆனால் திருத்தாது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடர் கூகுள் பொறியியலாளர்களோடு சேர்ந்து கூகுளின் சேர்வர்களில் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு மெஷின்களும், நூற்றில் எட்டுக்கு மேற்பட்ட ரேம் துண்டுகளும் திருத்தக்கூடிய பிழையைக் காட்டின என்று அதில் இருக்கிறது. ஆகவே எப்போதோ ஒன்று வந்தால் பயப்படத் தேவையில்லை. ஒரே ஸ்லாட்டில் ஒன்பது வரி என்பது வேறு.

இனி நண்பரின் வழி. வயர்களைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ஒரு ப்ராசசர், முதல் ஸ்லாட்டில் ஒரு ரேம், வேறு கார்டு எதுவுமில்லை என்ற நிலைக்குக் கொண்டுவருவது. எழும்பினால் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது. மிகப் பழைய, மிக நேர்மையான முறை. ஆனால் நேரம் தின்னும். நினைவகம் நிறைய உள்ள சேர்வர் ஒருமுறை எழும்பவே ஐந்து நிமிடம் எடுக்கும். எட்டு ரேம் என்றால் எட்டுத் தடவை, நாற்பது நிமிடம், அதுவும் தவறில்லாமல் செய்தால். ஒவ்வொரு தடவையும் கை உள்ளே போகிறது. ப்ராசசரைக் கழற்றினால் ஆபத்து இன்னும் கூட. நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் பழைய இன்டெல் ஈ5 ஜியோன் சேர்வர்களில், ப்ராசசர் உட்காரும் சொக்கெட்டில் 2,011 சன்னமான கம்பிகள் நிற்கின்றன. ஒன்று வளைந்தால் இல்லாத நோயொன்று புதிதாக வந்துவிடும். இன்னொன்று: இரண்டாவது ப்ராசசரைக் கழற்றினால் அதோடு சேர்ந்த ரேம் ஸ்லாட்டுகளும் கார்டு ஸ்லாட்டுகளும் செத்துப்போகும். அதை மறந்துவிட்டு, நல்ல கார்டைப் பழுது என்று ஒதுக்கியவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழிக்கென்றே ஆன நேரமும் உண்டு. சித்திரை மாதத்துப் பின்னேர இடி. கல்முனைப் பக்கத்தில் ஒரு மெஷின், பட்டனை அமத்தினால் விசிறி ஒரு சொட்டு அசைந்து நின்றுவிடும். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இது பவர் சப்ளை எங்கோ குறுக்குத் தொடர்பைக் கண்டு தன்னைத்தானே மூடிக்கொள்கிற அடையாளம். கண்காணிப்புச் சிப் மின்சாரம் ஏதோ விழுந்தது என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கே என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே திறந்த வெளியில் இழுத்த நெட்வொர்க் கேபிள் வழியாக இடி உள்ளே வந்திருந்தது. கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நெட்வொர்க் கார்டைக் கழற்றியதும் மெஷின் எழும்பியது. பதிவேட்டை நூறு தடவை வாசித்தாலும் அது கிடைத்திருக்காது.

மூன்றாவது, மாற்றிப் போடுவது. இதிலே இரண்டு வகை இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் காசு நட்டமாகிறது.

முதல் வகை, அதே மெஷினுக்குள் இடம் மாற்றுவது. ஏ2இல் இருந்த ரேமை வேறு ஸ்லாட்டுக்கும், அங்கிருந்ததை ஏ2க்கும் மாற்றுங்கள். பிழை ரேமோடு போனால் ரேம் பழுது. பிழை ஏ2இலேயே நின்றால் ஸ்லாட்டில், அல்லது ப்ராசசருக்குள்ளே இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டில் கோளாறு. காசு இல்லை, காத்திருப்பு இல்லை, பதில் தெளிவு. இவ்வளவு மலிவாகக் குற்றவாளியைக் காட்டித்தருகிற வேறொரு சோதனையை நான் காணவில்லை.

இரண்டாவது வகை, வெளியிலிருந்து 'நல்ல' பாகத்தைக் கொண்டுவந்து போடுவது. அது உண்மையிலேயே நல்லதா, பொருந்துமா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறையில் டெஸ்க்டொப் ரேமுக்கும் சேர்வர்களில் வரும் ரெஜிஸ்டர்ட் ரேமுக்கும் 288 கால்கள்தான், வெட்டும் ஒரே இடத்தில்தான். கையில் அழுத்தினால் இரண்டும் உள்ளே போகும். ஆனால் ரெஜிஸ்டர்ட் கேட்கும் சேர்வர் டெஸ்க்டொப் ரேமோடு எழும்பாது, இரண்டையும் கலந்து போட்டாலும் எழும்பாது. டவுணில் கடையொன்றில் டெஸ்க்டொப் ரேம் வாங்கிவந்து போட்டு, எழும்பவில்லை, ஆகவே போர்ட் பழுது என்று முடிவெடுத்த கதைகள் நிறைய. டிடிஆர்5இல் வெட்டையே வேறாக வைத்துவிட்டார்கள்.

காக்காவின் ரேம் அப்படியல்ல, அவருக்கு இந்த வேலை தெரியும். சரியான ரெஜிஸ்டர்ட் ரேம்தான் தந்திருப்பார். ஆனாலும் அன்று அதை வாங்கியிருந்தால் நாங்கள் இன்னும் ஆழமாகக் குழியில் விழுந்திருப்போம். ஏனென்றால் ரேமை மெஷினுக்குள்ளேயே இடம் மாற்றியபோது, ஏ2இல் இருந்தது வேறு ஸ்லாட்டில் நன்றாக வேலை செய்தது. நல்லது என்று தெரிந்த ரேமை ஏ2இல் போட்டால் அது பிழை காட்டியது. காக்காவின் ரேமும் அங்கே பிழை காட்டியிருக்கும். அடுத்து மதர்போர்ட்டுக்குக் கொழும்புக்குப் போன் எடுத்திருப்போம்.

நண்பரின் வழியும் ஏ2 வரைதான் கொண்டுபோயிருக்கும். ஏ2ஐ எடுத்தால் மெஷின் எழும்பும். அந்த ரேமை ஒரு பக்கம் தூக்கி வைத்திருப்பார். தவறான ஆள் மேல் பழி. பதிவேடும் கூட இடத்தைத்தான் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை. ஆனால் பதிவேட்டில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று இருந்தது: முதல் வரியின் திகதி. அதற்கு முன் பல வருடம் ஒரு பிழையும் இல்லை. பொறுப்பாளரிடம் கேட்டேன், "அந்தக் கிழமை மெஷினில என்ன செய்தீங்க சேர்?"

"ஒண்டும் இல்ல தம்பி. ரேம் கூட்டினாங்க. அவ்வளவுதான்."

அதுவரை ஏ2 வெறுமனே திறந்து கிடந்த ஸ்லாட். ரேமைக் கழற்றி, டோர்ச் அடித்துச் சரிவாகப் பார்த்தேன். உள்ளே நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கமாக, கண்ணாடி மாதிரி ஏதோ மினுங்கியது. மெல்லிய முள்வாங்கியால் இழுத்தால் ஈசல் இறகு, பாதி. முதல் மழைக்கு இரவில் லைட்டைத் தேடி வந்த ஈசலை முன்பக்கத்து விசிறி உறிஞ்சியிருக்கிறது. இறகு உதிர்ந்து திறந்த ஸ்லாட்டுக்குள் விழுந்திருக்கிறது. அதன் மேல் புது ரேமை அழுத்திப் பூட்டியிருக்கிறார்கள். சில கம்பிகள் பட்டும் படாமலும் இருந்து, ஈரம் கூடக் கூட மோசமாகி, கடைசியில் ஒரு விடியற்காலையில் விட்டுவிட்டது.

ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் மெல்லிய தூரிகையும் வைத்துச் சுத்தம் செய்து, காய விட்டு, பூட்டினோம். எழும்பியது. அன்றிரவு முழுக்க நினைவகச் சோதனை ஓட விட்டோம். மெம்டெஸ்ட் என்ற அந்தச் சோதனை மென்பொருள் மட்டும் போதாது, ஈசிசி திருத்திவிட்ட பிழையை அது காணாமல் விடக்கூடும். ஆகவே விடிந்ததும் பதிவேட்டைத்தான் மறுபடி பார்த்தோம். புதிய வரி இல்லை.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் என் முடிவு இன்னும் கடுமையானது. அங்கே கழற்றுவதும் மாற்றுவதும் கடைசி வேலை. டிஸ்க்குகளை இடம் மாற்றிச் செருகிவிட்டு, பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு வெளி அமைப்பு ஒன்றைக் கண்டேன் என்று கேட்கும்போது, உள்ளே எடு என்பதற்குப் பதிலாக அழி என்பதை அமத்தியவர்களின் தரவு பிறகு அகப்படுவது அபூர்வம். கழற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டிப் படம் எடுங்கள். வாசிப்பு மட்டுமே காப்பாற்றக்கூடிய சந்தர்ப்பமும் உண்டு. எச்பிஈயின் சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள் 32,768 மணித்தியாலம் ஓடியதும் நிரந்தரமாகச் செத்துவிடும் என்று அந்நிறுவனமே 2019 நவம்பரில் அறிவித்தது. 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். ஒன்றாக வாங்கிப் பூட்டியவை ஒன்றாகவே போகும். அப்போது ரெய்டும் உதவாது. டிஸ்க்கின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக முன்கூட்டியே ஏற்றினால் மட்டுமே தப்பலாம். டிஸ்க்கின் ஓட்ட மணித்தியாலத்தையும் ஃபர்ம்வேர் இலக்கத்தையும் வாசித்தவன் தப்பினான்.

மெஷினையே கொழும்புக்கு அனுப்புவதும் ஒரு வழிதான். வாரண்டி இருந்தால் சரி. அவர்களும் முதலில் கேட்பது பதிவேட்டைத்தான், ஆகவே அதை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பஸ்ஸில் ஏற்றுவதானால் டிஸ்க்குகளைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள்.

என் வரிசை இதுதான்: பதிவேடு, அதே மெஷினுக்குள் இடமாற்றம், பிறகு வெளிப்பாகம். பதிவேடு ஊமையாக இருந்தால் மட்டும் இடமாற்றத்துக்கு முன் முழுக்கக் கழற்றுவது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உப்புக்காற்று, வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றோடு வரும் புழுதியும் வெக்கையும், மாரியில் ஈசல். இங்கே சேர்வர் பழுதில் பாதி பாகத்தின் பழுதே அல்ல, பாகங்களுக்கு நடுவே புகுந்தது. புதுப் பாகம் வாங்கினால் அது போகாது.

கல்லடி அலுவலகத்தில் இப்போது வெறும் ஸ்லாட்டுகளுக்கு மூடி போட்டிருக்கிறது. கண்காணிப்புச் சிப்பின் முகவரி மெஷினின் மேலேயே ஒட்டியிருக்கிறது. பதிவேட்டில் புதிய வரி விழுந்தால் பொறுப்பாளரின் ஈமெயிலுக்கு வரும்படி வைத்துக் கொடுத்தோம். போன கிழமை அவர் போன் எடுத்தார்: "தம்பி, இரண்டாம் பவர் சப்ளையின்ர விசிறி மெதுவா ஓடுதாம், எழுதியிருக்கு." மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.