இரவிகுளம் தேசியப் பூங்கா: ஒரே சாலையில் ஒரு காடு

மூணாறுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவின் பரப்பு 97 சதுர கிலோமீட்டர் என்றாலும், பயணிகளுக்குத் திறந்திருப்பது இராஜமலையை ஒட்டிய சிறு பகுதி மட்டுமே. சொந்த வண்டியை விட்டுவிட்டு, பூங்காவின் பேருந்தில் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து ஏறி, பிறகு தார்ச்சாலையில் நடக்க வேண்டும். முன்பதிவு தேவையில்லை என்று தங்கும் விடுதியில் சொன்னதை நம்பி, வரிசையில் இரண்டு மணி நேரம் கால்கடுக்க நின்றோம்.

மூடுபனி விலகியபோது, பத்தடி தொலைவில், சாலையோரப் பாறையில் ஒரு வரையாட்டுக் கிடா அசைபோட்டுக்கொண்டிருந்தது. முதுகின் வெளிறிய திட்டில் நீர்த்துளிகள் ஒட்டியிருந்தன. தமிழ்நாட்டின் மாநில விலங்கை இவ்வளவு அருகில் பார்க்கக் கேரளத்துக்குப் போக வேண்டியிருந்தது வேடிக்கைதான். அது எங்களைக் கண்டு அஞ்சாததில் மகிழ்ந்தவர்களே அதிகம். எனக்கோ அதுவே உறுத்தியது.

வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரியிலும் மார்ச்சிலும், பூங்காவை மூடிவிடுகிறார்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைப்போருக்கு இது இழப்பே; ஆயினும் தோட்டக்காரர்களின் வேட்டைக்களமாக இருந்து 1978இல் தேசியப் பூங்காவான இந்தப் புல்வெளியில் ஆடுகள் இன்றும் மேய்வதற்கு இத்தகைய கண்டிப்பும் ஒரு காரணம் என்பதால், இந்த அடைப்பை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பூங்காவிலுள்ள 2695 மீட்டர் உயர ஆனைமுடிச் சிகரத்தைக் கீழிருந்து பார்ப்பதே போதும். நான் கேட்பதெல்லாம், அந்தச் சாலையில் ஒரே நேரத்தில் நடப்போரின் எண்ணிக்கையை இன்னும் குறைக்க வேண்டும் என்பதுதான். கம்பளிச் சட்டையுடன் காலை முதல் பேருந்திலேயே போய்விடுங்கள்.